இரண்டரைக் கட்டைத் தூரம்

திருகோணமலையில் இப்போது பெற்றோலுக்குத் தட்டுப்பாடு இல்லை. வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள், சில வீடுகளில் இரண்டு. அப்படியிருந்தும் பாலையூற்றுப் பாக்கியரத்தினம் சைக்கிளில்தான் போகிறார். காலை ஏழரைக்கு வெளிக்கிட்டால், அனுராதபுரச் சந்தியில் லொறியும் பஸ்ஸும் ஓட்டோவும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்க, அவர் ஓரத்தால் புகுந்து எட்டு மணிக்கு முன்னமே கடைத்தெருவில் நிற்பார். பார்க்கிறவர்கள் ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். சீனி வருத்தமாம், டொக்டர் சைக்கிள் ஓடச் சொன்னாராம் என்பார் ஒருவர். சரியான கசவாரம், எண்ணெய்க் காசை மிச்சம் பிடிக்கிறான் என்பார் இன்னொருவர். நெரிசலுக்கு அதுதான் புத்தி என்று மெச்சுகிறவர்களும் உண்டு. யாருக்கும் அவர் மறுமொழி சொல்வதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான்.

வயது ஐம்பத்தேழு. தொழில் மோட்டர் வைன்டிங். எரிந்துபோன மின்விசிறி, தண்ணீர்ப் பம்பு எல்லாவற்றுக்கும் செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றி உயிர் கொடுக்கிற வேலை. கை சுத்தமான வேலைக்காரர். அதைவிட வாய் சுத்தமானவர் என்று பெயர். 'நாலு மணிக்குத் தருவன்' என்றால் மத்தியானச் சோற்றை விட்டாவது நாலு மணிக்குத் தந்துவிடுவார். ஒரு சுற்றுப் பிசகினால் முழுவதையும் அவிழ்த்து முதலிலிருந்து சுற்றுவார். சொன்ன சொல்லை மீறாத மனிதர் என்று ஊரே மெச்சியது. அந்தக் குணத்தை யாராவது கொஞ்சம் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அவருடைய மனைவி சிவாஜினி. பிள்ளைகள் இல்லை. கலியாணம் முடித்த புதிதில் அவரிடம் இருந்ததும் ஒரு சைக்கிள்தான். ஒரு நாள் சொந்தக்காரர் கலியாணத்துக்கு இரண்டு பேரும் வெளிக்கிட்டார்கள். சிவாஜினி கூறைச்சீலை உடுத்துக் கரியரில் ஒருபக்கமாக இருந்தாள். பஸ் நிலையத்துக்குக் கிட்டப் போகும்போது முந்தானை பின்சில்லுக்குள் போய்விட்டது. சைக்கிள் சடாரென்று நிற்க அவள் நடு றோட்டில். சீலையில் பாதி அவளிடம், பாதி சில்லுக் கம்பிகளுக்குள். பஸ்ஸுக்கு நின்ற அத்தனை சனமும் கண்ணிமைக்காமல் பார்த்தது. ஒரு பழக்கடைக்காரர் வெயிலுக்குக் கடையில் கட்டியிருந்த படங்கை எடுத்துவந்து அவளைப் போர்த்தினார். பிறகு கத்தியால் சீலையை அறுத்துத்தான் சில்லை விடுவிக்க வேண்டியிருந்தது.

மூன்று நாள் அழுதுவிட்டு நாலாம் நாள் சிவாஜினி அதை நினைத்துச் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். பாக்கியரத்தினத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் விழுந்த அன்றைக்கே பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் கற்பூரம் கொளுத்தி, சுவாலைக்கு மேலே கையை நீட்டி, 'அம்மாளாச்சி, இனி இவளை ஒரு நாளும் சைக்கிளில ஏத்தமாட்டன், இது சத்தியம்' என்று சொல்லிவிட்டு வந்தவர் அவர். பிறகு வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினார். அது தேய்ந்து போக இன்னொன்று. அந்த இரண்டாவதை இறக்கக்கண்டியில் மஹ்ரூப் என்ற மீன்பிடிகாரரிடம் வாங்கினார். முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி இவரும் அவரை 'நானா' என்றுதான் கூப்பிடுவார்.

வாங்கிய விதத்தையும் சொல்லவேண்டும். ஊரில் முக்கால்வாசிப் பேர் செய்கிறதைத்தான் அவரும் செய்தார். விற்கிறவர் மாற்றப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்துவிடுவார். வாங்குகிறவர் தன் பெயரை எழுதிக் கந்தோரில் கொடுத்துப் பதிவை மாற்றவேண்டும். 'நாளைக்குப் போவம், அவசரமில்லை' என்று பத்திரம் அலுமாரிக்குள் போய்விடும். பாக்கியரத்தினத்தின் அலுமாரியில் அது ஏழு வருடம் கிடந்தது. மற்றவர்களுக்குக் கொடுத்த சொல் ஒன்றுகூடப் பிந்தாத மனிதருக்கு, தனக்குத் தானே சொன்ன 'நாளைக்கு' மட்டும் ஏழு வருடம் பிந்தியது.

அதற்கிடையில் சிவாஜினிக்குக் கால் வீங்கத் தொடங்கியது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்றார்கள். செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் ஒரு மணிக்குப் பெரியாஸ்பத்திரியில் இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்யவேண்டும். செய்தால் அவள் சமைப்பாள், சிரிப்பாள், தொலைக்காட்சியோடு சண்டை பிடிப்பாள். செய்யாவிட்டால் உடம்பில் நீர் ஏறி மூச்சு முட்டும். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இரண்டரைக் கட்டை. மைலுக்கு இங்கே கட்டை என்றுதான் பேர். மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம். அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு உட்துறைமுகக் கடற்கரையால் போகும்போது அவள் கப்பல் எண்ணிக்கொண்டு வருவாள்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் பெற்றோல் இல்லாமல் போனது. நாடு முழுக்க இல்லை, அதனால் இங்கேயும் இல்லை. துறைமுகத்துக்கு அந்தப்பக்கம் சீனன்குடாவில் மலை மலையாக எண்ணெய்த் தாங்கிகள் நிற்க, இந்தப்பக்கம் சனம் வெற்றுத் தாங்கியோடு மூன்று நாள் வரிசையில் கிடந்தது. பாக்கியரத்தினம் ஒரு கிழமை கடைக்கு நடந்தார். பிறகு பக்கத்து வீட்டுக் கீர்த்தனியின் பழைய சைக்கிளைக் கேட்டு வாங்கினார். கீர்த்தனி பாலர் பாடசாலை ரீச்சர், பாடசாலையும் மூடிக் கிடந்தது. பொம்பிளைச் சைக்கிள். முன்னால் கூடை, பின்சில்லின் இரண்டு பக்கமும் உடுப்புச் சிக்காமல் வலை. முதல் நாள் வெட்கப்பட்டார். அடுத்த நாள் பார்த்தால் முழு ஊரும் சைக்கிளில். வங்கி மனேச்சர் கழுத்துப்பட்டியோடு மிதித்துக்கொண்டு போனார்.

தான் ஓடினார், மனைவியை ஏற்றவில்லை. முதல் இரண்டு கிழமை ஓட்டோக்காரர்கள் பாவம் பார்த்தார்கள். பிறகு அவர்களிடமும் முடிந்தது. பஸ் வந்தால் படியிலும் சனம் தொங்கியது. ஒரு முறை ஏறி, மூச்சு முட்டி, சந்தியிலேயே இறங்கிவிட்டாள். ஒரு முறை மரக்கறி லொறி கிடைத்தது. கீர்த்தனி தான் ஏற்றிக்கொண்டு போவதாகச் சொல்லி ஒழுங்கைக்குள் ஓடிப் பார்த்தாள். வீங்கிய உடம்பின் பாரம் தாங்காமல் பத்தடியில் சைக்கிள் வேலியோடு சாய்ந்தது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை ஒன்றுமே கிடைக்கவில்லை. இயந்திரம் தவறியது. புதன்கிழமை சிவாஜினியின் முகம் வீங்கிக் கண் சிறுத்துவிட்டது.

"இஞ்சேருங்கோ, வெள்ளிக்கிழமை சைக்கிளில கொண்டுபோய் விடுங்கோவன்" என்றாள். "நான் கவுனோட வாறன். சில்லுக்கு வலையும் கிடக்கு. என்னத்தில சிக்கப்போகுது?"

"ஏலாது."

"ஏன் ஏலாது?"

"கோயில் வாசலில கையை நெருப்பில காட்டிச் சொன்னனான். விளையாட்டே?"

"அம்மாளாச்சிக்கு வேற வேலை இல்லையே அப்பா? ஒரு தேங்காயை உடைச்சு மன்னிப்புக் கேட்டால் விட்டிடுவா."

"பிறகு உமக்கு வருத்தம் கூடினால்? சத்தியத்தை மீறினபடியால்தான் கூடினதெண்டு நான் எங்க போய் அழுறது?"

அவர் வீம்புக்குச் சொல்லவில்லை. பயந்து நடுங்கித்தான் சொன்னார். இருக்கிற ஒருத்தியையும் அம்மன் கோபித்து எடுத்துவிடுவாள் என்று உண்மையாகவே நம்பினார். சிவாஜினி அதற்குமேல் கேட்கவில்லை. கதைக்க அவளுக்கு மூச்சும் இல்லை.

அந்தக் கிழமைதான் பெற்றோலுக்குக் கியூஆர் முறை வந்திருந்தது. வாகன இலக்கத்தைத் தொலைபேசியில் பதிந்தால் ஒரு கட்டம் வரும். அதைக் காட்டினால் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். பாக்கியரத்தினத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வியாழக்கிழமை பின்னேரம் கீர்த்தனி தன் தொலைபேசியில் பதியப் பார்த்தாள். பார்த்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"அண்ணை, இந்த இலக்கத்தை ஏற்கெனவே ஆரோ பதிஞ்சிட்டினம் எண்டு காட்டுது."

"ஆர்?"

"பதிவு ஆரின்ர பேரில கிடக்கு?"

அவர் அலுமாரியைத் திறந்து அந்தப் பத்திரத்தை எடுத்தார். மஹ்ரூப்பின் கையெழுத்து அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, தன் பெயரை எழுதவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. நெற்றியில் அடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடியப் புறப்பட்டார். இறக்கக்கண்டி பன்னிரண்டு கட்டை. "பத்தரைக்குள்ள வந்திடுவன், ஒரு மணிக்கு உம்மை இயந்திரத்தில விட்டிடுவன்" என்று சிவாஜினியிடம் சொன்னார். அவள் கதிரையில் இருந்தபடியே தலையாட்டினாள். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் இரவு முழுக்க அவள் இருந்துதான் நித்திரை கொண்டாள்.

உப்புவெளி, நிலாவெளி தாண்டி ஏழரைக்கு இறக்கக்கண்டியில் இறங்கினால், மஹ்ரூப் கடலில். எஞ்சினுக்கு எண்ணெய் இல்லாமல் துடுப்புத் தோணியில் போயிருக்கிறார், ஜும்மாவுக்கு முந்தி வந்துவிடுவார் என்றார் அவருடைய மனைவி நபீஸா. தேத்தண்ணியும் தந்தார். எட்டானது, ஒன்பதானது. பாக்கியரத்தினம் கரையில் நிற்பதும் குந்துவதுமாக இருந்தார். தூரத்தில் தெரிந்த ஒவ்வொரு தோணியையும் மஹ்ரூப்பின் தோணி என்று நம்பி நம்பி ஏமாந்தார். தோணி வந்து சேரப் பத்தேகால்.

மஹ்ரூப் விஷயத்தைக் கேட்டதும் மணலில் அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணன், என்ட பேர்லதானே கிடக்கு எண்டு பதிஞ்சன். எஞ்சினுக்கு எண்ண இல்லாம புள்ளைகள் பட்டினி. வீட்டில இப்பிடி வருத்தக்காரி இருக்கிறா எண்டு தெரிஞ்சிருந்தா, அல்லாஹ் அறிய, தொட்டிருக்க மாட்டன்."

"உங்களில பிழை இல்லை, நானா. பேர் மாத்தாதது என்ர பிழை."

அச்சடித்து வைத்திருந்த தாளை மஹ்ரூப் வீட்டுக்குள் ஓடிப்போய் எடுத்து வந்தார். "இந்தக் கிழமைப் பங்கு இன்னும் அடிக்கல்ல, நாலு லீற்றரும் கிடக்கு" என்று கையில் திணித்தார். கூடவே ஒரு பாரை மீனை ஓலையில் சுற்றிச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினார். கட்டிவிட்டுக் கரியரை அழுத்திப் பார்த்தார்.

"நல்ல பெலமான கரியர், அண்ணன். ஒரு ஆளே இருக்கலாம்."

பாக்கியரத்தினம் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா இல்லையா என்று இன்றைக்கும் அவருக்கு நிச்சயமில்லை.

திரும்பும்போது கச்சான் காற்று முகத்தில் அடித்தது. ஆடி மாதத்துக் கச்சான் அடித்தால் மிதிக்கிற மிதியில் பாதி வீண். நிலாவெளியில் செயின் கழன்றது. உப்புவெளியில் தொடை பிடித்துக்கொண்டது. இறங்கி உருட்டினார், ஏறி மிதித்தார், அம்மாளாச்சியைக் கூப்பிட்டார், பெற்றோலை இல்லாமல் ஆக்கிய மந்திரிமாரை எல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினார். வீட்டுக்கு வந்து சேர நேரம் ஒன்று பத்து.

சிவாஜினி கவுன் போட்டு, தலையிழுத்துக் கட்டி, கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் இருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கீர்த்தனி விசிறிக்கொண்டு நின்றாள்.

"ஆம்புலன்சுக்கு அடிச்சனான் அண்ணை. ஒரு விபத்துக்காரரைக் கொண்டு போயிருக்கினமாம், வரச் சுணங்குமாம்."

"சைக்கிளில போவம்" என்றாள் சிவாஜினி. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு எடுத்தாள்.

"இந்தா கியூஆர் கிடைச்சிட்டுது! இன்னும் அரை மணித்தியாலம். அரை மணித்தியாலம்தான் சிவாஜினி." அவர் தாளை விரித்துக் காட்டினார். கையில் வெற்றியோடு நிற்கிற மனிதனுக்கு வேறொன்றும் கண்ணில் தெரியாது. பட்டணத்துச் செட்டில் கானில் எண்ணெய் தரமாட்டார்கள், வாகனத்தைக் கொண்டுபோக வேண்டும். மோட்டார் சைக்கிளின் மேல் கிடந்த தூசியைக்கூடத் தட்டாமல் தள்ளிக்கொண்டு ஓடினார்.

பெற்றோல் செட்டில் முந்நூறு பேர். காட்டுவதற்குக் கிளினிக் கொப்பியைக்கூட வாங்காமல் வந்துவிட்டார். "மனிசிக்கு மூச்சு முட்டுது, ஐயா" என்று ஒவ்வொருவராகக் கும்பிட்டார். சனம் நல்ல சனம். இரண்டு பேர் முணுமுணுத்தார்கள், மற்றவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். ஒதுங்கிய இடமெல்லாம் தள்ளித் தள்ளி முன்னுக்கு வர இரண்டேகால் ஆனது. நாலு லீற்றர் உள்ளே இறங்கியது. அவர் அழுதுவிட்டார். பக்கத்தில் நின்றவர் தோளில் தட்டிக் கொடுத்தார்.

மிதித்தார். எஞ்சின் பிடிக்கவில்லை. இரண்டு மாதம் கிடந்த கிடை. பிளக்கைக் கழற்றித் துடைத்து மிதித்தார். ஒரு செருமல் செருமிவிட்டு நின்றது. உலகத்து மோட்டர் எல்லாவற்றுக்கும் உயிர் கொடுக்கிற கை அன்றைக்கு நடுங்கியதில் ஒரு திருகாணி மண்ணுக்குள் விழுந்து, அதைத் தேடவே ஐந்து நிமிடம் போனது. மிதித்து மிதித்துக் கால் மரத்துப்போனது. கடைசியில், வந்தது போலவே, நிரம்பிய தாங்கியோடு அதைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

மூன்று மணி. ஆம்புலன்ஸ் இன்னும் வந்திருக்கவில்லை. சிவாஜினியின் தலை கதிரையில் சாய்ந்து கிடந்தது. மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற சத்தம். கண் திறந்திருந்தது, அவரைத்தான் பார்த்தது.

மோட்டார் சைக்கிளை அப்படியே முற்றத்தில் விழவிட்டார். சைக்கிளை இழுத்தார். மஹ்ரூப் கட்டிய மீனை அறுத்து எறிந்தார். "தூக்கு, கீர்த்தனி, தூக்கு!" என்று கத்தினார். இரண்டு பேருமாகச் சிவாஜினியைக் கரியரில் இருத்தி, ஒரு சீலையால் அவளை அவருடைய முதுகோடு சேர்த்துக் கட்டினார்கள். கோயில் இருக்கிற திசையை அவர் பார்க்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

ஒழுங்கையின் மணல் முடிந்து தார் றோட்டில் ஏறியதும் சைக்கிள் ஒரு ஆட்டமும் இல்லாமல் ஓடியது. அதுதான் அவருக்கு விளங்கவில்லை. கையும் நடுங்கவில்லை. பாரமும் தெரியவில்லை. அனுராதபுரச் சந்தியில் வாகனமே இல்லை. சந்தியில் நின்ற பொலிஸ்காரர் கையைக் காட்டி வழி விட்டார். உட்துறைமுக வீதிக்கு இறங்கியபோது கடற்காற்று பட்டது. சிவாஜினி அவருடைய முதுகில் கன்னத்தை வைத்திருந்தாள். அவளுடைய மூச்சுச் சூடு சட்டைக்குள்ளால் தெரிந்தது.

"சிவாஜினி, கதையும். எத்தனை கப்பல் நிக்குது? சொல்லும்."

அவளுடைய கன்னம் முதுகில் கடல் பக்கமாகத் திரும்பியது. பிறகு மெல்லிய குரலில், "இவ்வளவுதானே அப்பா" என்றாள். "இதை அண்டைக்கே செய்திருக்கலாமே."

குற்றம் சொல்லும் குரலாக அது இல்லை. ஒரு சின்ன ஆச்சரியம் மட்டும்தான் அதில் இருந்தது. அதற்குப் பிறகு அவள் கதைக்கவில்லை. இடுப்பைச் சுற்றியிருந்த அவளுடைய கை ஆஸ்பத்திரி மதில் தெரிகிற இடத்தில் தளர்ந்து கீழே தொங்கியது. அவர் ஒரு கையால் அதைப் பிடித்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டு மறு கையால் சைக்கிளை ஓட்டினார்.

வாசலில் தள்ளுகட்டிலோடு ஓடிவந்து அவளைக் கொண்டுபோனார்கள். கதவு சாத்தியபின் ஒரு தாதி வந்து விபரம் எழுதினார்.

"ஒரு மணிக்கல்லோ இவவின்ர முறை? எத்தனை மணிக்கு வெளிக்கிட்டனீங்கள்?"

"மூண்டு மணிக்கு, மிஸ்."

தாதி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். மூன்று இருபத்திரண்டு. "எதில வந்தனீங்கள்?"

"சைக்கிளில."

எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றது. அடுத்த கேள்வி தாதியின் வாய்வரைக்கும் வந்ததைப் பாக்கியரத்தினம் கண்டார். அவர் கேட்கவில்லை. கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

நாலாம் நாள், செவ்வாய்க்கிழமை, சிவாஜினி போய்விட்டாள். உள்ளே எல்லாம் செய்து பார்த்தார்கள். நீர் நெஞ்சுக்குள் ஏறி நெடுநேரமாகிவிட்டது, கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருந்தால் என்று டொக்டர் சொல்லத் தொடங்கி, பாக்கியரத்தினத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

செத்த வீட்டுக்குச் சனம் நடந்தும் சைக்கிளிலுமாக வந்து நிறைந்தது. எல்லோரும் அவருக்கு நல்லதைத்தான் சொன்னார்கள். இந்த அரசாங்கம் கொன்றுபோட்டது என்றார்கள். எண்ணெய்த் தாங்கிகளை வைத்துக்கொண்டு ஒரு பொம்பிளையைச் சாகவிட்டார்கள் என்றார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வரிசையில் நின்று களைத்தவர்கள், அவர்கள் சொன்னதில் பொய்யும் இல்லை. பாக்கியரத்தினம் சுவரோடு சாய்ந்திருந்து ஒவ்வொருவருக்கும் தலையாட்டினார்.

பின்னேரம் பிரேதம் எடுக்கிற நேரம், இறக்கக்கண்டியிலிருந்து மஹ்ரூப் வந்து சேர்ந்தார். அவரும் பன்னிரண்டு கட்டை சைக்கிள் மிதித்துத்தான் வந்தார். பாக்கியரத்தினத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மனச விட்டுராதீங்க அண்ணன். நீங்க என்ன செய்வீங்க? பெற்றோல் இல்லாத காலம்."

பாக்கியரத்தினம் அவரை நிமிர்ந்து பார்த்தார். 

"சைக்கிள் இருந்தது, நானா" என்றார்.